வியாழக்கிழமைப் பழுது

புதன் இரவு பதினொன்றரைக்கு
வீட்டிலிருந்தபடியே எதையாவது உடைப்பேன்.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஸ்ரான்லி வீதியில் மருந்துக்கடைக்கு மேல்மாடி.
வியாழன் காலை எட்டுப் பேர் வருவார்கள்.
மூன்று ஏ எடுத்தவர்கள்,
ஒன்று பீயாய்ப் போனதை இன்னும் சொல்லி முடிக்காதவர்கள்.
பத்து வருட வினாத்தாளைக் கரைத்துக் குடித்து
ரியூசன் வாங்குகளில் காற்சட்டை தேய்ந்தவர்கள்.
சேர்வருக்குப் பழைய வினாத்தாள் கிடையாது
என்று முதல் நாளே சொன்னேன்.
அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள்.

முதற் கிழமை டிஸ்க்கை நிரப்பிவிட்டேன்.
ஒரு பதிவுக்கோப்பு இராமுழுக்கத் தின்று
விடியும்போது வயிறு வீங்கிக் கிடந்தது.
ஒன்பது இரண்டுக்குக் கஜரூபன் றீஸ்ராட் பண்ணினான்.
ஒன்பது ஐந்துக்கு இன்னொருக்கால்.
"என்னத்தைப் பாத்தனீர்?"
"ஒண்டும் பாக்கேல்லை மிஸ். சிலவேளை சரிவரும் எண்டு..."
சிலவேளை சரிவரும்.
அதுதான் எனக்குப் பயம்.
சரிவந்த பிழை
வேறொரு நாள், வேறொருவரின் நித்திரைக்குள் வரும்.

வெண்பலகையில் இரண்டு வரி எழுதினேன்:
கை வைக்கமுதல் பார்.
பார்த்ததை எழுது.

மூன்றாவது வரி நாலாம் கிழமைதான் வந்தது.
வைசாலினி பயிற்சித் தரவுத்தளத்தின்
கொடுப்பனவு அட்டவணை முழுவதையும் அழித்திருந்தாள்.
திரை வெளிறியதும்
ஏழு தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பி
"ஆர்? ஆர் செய்தது?"
எழுந்துபோய் எழுதினேன்:
ஆர் என்று கேட்கக்கூடாது. என்ன நடந்தது என்று கேள்.
இந்த ஊரில் அந்த 'ஆர்'
எத்தனை படலைகளில் வந்து நின்றது என்று
நான் விளக்கப் போகவில்லை.
அவர்களுக்கு இருபத்திரண்டு வயது.
அந்த வரியை மட்டும் ஒருவரும் கொப்பியில் எழுதவில்லை.
வைசாலினி அன்று மத்தியானம்
தான் அடித்த கட்டளையைத் தானே வாசித்துக் காட்டினாள்,
குரல் நடுங்க,
முற்றுப்புள்ளி உட்பட.

ஒன்பதாம் கிழமை நேரத்தைத் திருடினேன்.
ஒரேயொரு இயந்திரத்தின் மணிக்கூட்டை
ஏழு நிமிடம் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் படுத்தேன்.
காலையில் உள்நுழைவு எதுவும் செல்லவில்லை;
கடவுச்சொல் சரி, வலை சரி, எல்லாமே சரி,
ஒன்றும் நடக்கவில்லை.
கஜரூபனின் விரல் றீஸ்ராட் பக்கம் போய்த்
தானாகத் திரும்பியது. கண்டேன், சொல்லவில்லை.

ஜெனிற்றா குருநகரிலிருந்து சைக்கிளில் வருபவள்.
இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து
அதன்மேல் இருந்தாள்.
ஒரு மணித்தியாலம் விசைப்பலகையைத் தொடவில்லை.
பிறகு ஒரு கையை மட்டும் எடுத்து
இரண்டு இயந்திரங்களிடம் நேரம் கேட்டாள்.

அவளுடைய அறிக்கை அரைப் பக்கம்.
ஒன்று: மணிக்கூடு ஏழு நிமிடம் பின். திருத்தியாயிற்று.
இரண்டு: பத்தொன்பது நிமிடத்துக்கு ஒருக்கால்
சில பக்கெற்றுகள் தொலைகின்றன.
காரணம்: தெரியாது.

தெரியாது.
விடைத்தாளில் இப்படி எழுத
இந்த நகரத்தில் எவருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை.
தெரியாவிட்டால் தெரிந்த வேறெதையாவது
இரண்டு பக்கத்துக்கு எழுதிவிட்டு வருவோம். நானும்தான்.

எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள்,
புள்ளித்திட்டம் என் பையில் இருப்பதுபோல.
"ரெண்டாவதை நான் உடைக்கேல்லை" என்றேன்.
கீழே மருந்துக்கடைக்காரர் சில்லறை எண்ணுவது கேட்டது.
"அப்ப?"
"அப்ப எனக்கும் தெரியாது."

கதிரையொன்றை இழுத்து
ஜெனிற்றாவுக்குப் பக்கத்தில் போட்டேன்.
கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்;
அவை அங்கே இருக்க மறுத்தன.
"எத்தினையாவது நிமிசம்?"
திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள்:
"பதினெட்டு. கதையாதேங்கோ மிஸ்."